கல்யாணம் முடிந்தது, அடுத்து விசா: தென்னாப்பிரிக்காவில் எந்த வழி யாருக்கு?

தை, வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு எனக்கு வரும் போன்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஊரில் கல்யாணம் நடந்து, லீவு தீர்ந்து, பையன் மட்டும் மிட்ராண்டுக்கோ செஞ்சுரியனுக்கோ திரும்பி வந்திருப்பார். "அண்ணா, இப்போதைக்கு விசிட் விசாவில கூட்டிட்டு வந்துடுறேன். இங்க வந்தப்புறம் மாத்திக்கலாம்ல?" என்பார். மாற்ற முடியாது தம்பி என்றால், "என் ஃப்ரெண்டு மாத்தினானே" என்று பதில் வரும். அந்த நண்பர் சொன்னதும் பொய்யில்லை. அவர் கல்யாணம் செய்தது இந்த நாட்டுக் குடியுரிமை உள்ள பெண்ணை. அவருக்குச் சட்டம் வேறு, உங்களுக்குச் சட்டம் வேறு.

பலரும் எது சீக்கிரம் கிடைக்கும் என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான் வேறொன்றை முதலில் பார்க்கச் சொல்வேன். வரப்போகிறவர் இங்கே வந்து என்ன செய்யலாம்? வேலைக்குப் போகலாமா, படிக்கலாமா, அல்லது உங்கள் கூட வெறுமனே இருக்க மட்டும்தான் முடியுமா? இரண்டு மாதம் முன்னால் வருவதும் பின்னால் வருவதும் ஒரு வருஷத்தில் மறந்துபோகும். வேலை செய்ய முடியாமல் வீட்டில் உட்கார்ந்த வருடங்கள் அப்படி மறந்துபோவதில்லை. மனைவி என்று நான் எழுதுகிற இடத்திலெல்லாம் கணவர் என்றும் படித்துக்கொள்ளுங்கள். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான்.

சரி, முதலில் உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து உங்கள் விசா எது என்று பாருங்கள். ஐ.டி. கம்பெனி வழியாக வந்தவர்களில் நிறையப் பேரிடம் இருப்பது ஐ.சி.டி., அதாவது ஒரே நிறுவனத்தின் இந்தியக் கிளையிலிருந்து இங்குள்ள கிளைக்கு அனுப்பப்படுபவர்களுக்கான விசா. அது அதிகபட்சம் 4 ஆண்டுதான், அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது. இங்கே ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கான கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் விசாவும் பொது வேலை விசாவும் 5 ஆண்டு வரை கிடைக்கும், புதுப்பிக்கவும் முடியும். வேலை விசாவில் 5 ஆண்டு இருந்து, நிரந்தர வேலையும் கையில் இருந்தால் பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமை கேட்கலாம். குடும்பத்துக்கு எந்த வழி பொருந்தும் என்பது பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

விசிட் விசாவை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். மூன்று மாதத்துக்குத் தருவார்கள், ஒருமுறை நீட்டிக்கலாம். சுற்றிப் பார்க்கவும், குடித்தனம் வைக்கப்போகும் ஊர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் நல்லது. வேலை விசாவில் இருப்பவரின் மனைவி இதில் வந்துவிட்டு, உள்நாட்டிலிருந்தே நீண்டகால விசாவுக்கு மாற முடியாது. திரும்ப ஊருக்குப் போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டும். "இருந்து பார்க்கலாம்" என்று தேதி தாண்டினால் விஷயம் பெரிதாகிவிடும். 30 நாளுக்குள் தாண்டினால் 12 மாதமும், அதற்கு மேல் தாண்டினால் 5 ஆண்டும் இந்த நாட்டுக்குள் வர முடியாதபடி தடை போடுவார்கள். கல்யாணமான முதல் வருடத்திலேயே அந்த முத்திரையை யாரும் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது, நம்மவர்கள் டிபெண்டண்ட் விசா என்று சொல்வது. சட்டப்படி இதுவும் ஒருவகை விசிட்டர் விசாதான், ஆனால் வேலை விசாக்காரரின் துணையாக வருகிறவருக்கு உரியது. ஒரு தடவைக்கு 3 ஆண்டு வரை தரலாம். உங்கள் விசா அதற்கு முன்னால் முடிந்தால் அதுவும் அதோடு முடியும். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். சென்னையிலேயே, விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் காகிதங்களையும் கைரேகையையும் கொடுத்துவிடலாம். கல்யாணச் சான்றிதழ், உங்கள் விசா நகல், வேலைக் கடிதம், சம்பளம் வருகிற வங்கிக் கணக்கின் அறிக்கை, மருத்துவச் சான்று, போலீஸ் சான்று எல்லாம் கேட்பார்கள். கேட்டதைக் கேட்ட வடிவத்தில் கொடுத்தால் பெரிய சிக்கல் இல்லாத வழி இது.

ஆனால் விசா வந்தவுடன் அந்த ஸ்டிக்கரைக் கையில் வைத்து நிதானமாகப் படியுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள் எல்லாம் தாண்டிக் கீழே நிபந்தனைகள் என்று ஒரு பகுதி வரும். கணவருடன் இருக்க வந்திருக்கிறார், இந்தத் தேதிவரை இருக்கலாம் என்கிற பொருளில் ஒன்றிரண்டு வரி சிறிய எழுத்தில் இருக்கும், அவ்வளவுதான். வேலை செய்யலாம் என்று எங்கும் இருக்காது. எழுதாததற்கு அனுமதி இல்லை என்றுதான் அர்த்தம். வீட்டிலிருந்து டியூஷன் எடுப்பது, தெரிந்தவர் கடையில் கணக்கு எழுதுவது எல்லாமே இதில் அடங்கும். "சும்மா உதவிக்குத்தானே" என்பது புதுப்பிக்கப் போகும்போது எடுபடாது.

எங்கள் குடியிருப்பில் நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருவர் இருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த நர்ஸ். கணவர் ஐ.சி.டி. விசாவில் வந்தவர். இந்த நாட்டில் நர்ஸ்களுக்குத் தேவை இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேலை பார்க்கத் தென்னாப்பிரிக்க நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும், படிப்புக்கு மதிப்பீட்டுச் சான்று வேண்டும், அதன்பிறகு விசா வேண்டும். ஊரில் இருக்கும்போதே தொடங்கியிருக்க வேண்டிய வேலை இது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இங்கிருந்து கல்லூரிக்குக் கடிதம் எழுதி, அங்கே யாரையாவது அனுப்பி, ஒவ்வொரு காகிதமாக வரவழைப்பதற்குள் கணவரின் விசா காலம் முடிந்துகொண்டிருந்தது. அவ்வளவு தேர்ந்த ஒருவர் மதியம் முழுக்க பால்கனியில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

இத்தனைக்கும் சட்டத்தில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. டிபெண்டண்டாக ஏற்கெனவே வந்துவிட்ட துணைவர், நாட்டை விட்டு வெளியே போகாமலே வேலை விசாவுக்கோ படிப்பு விசாவுக்கோ மாறலாம். விசிட் விசாவில் வந்தவருக்கு இல்லாத சலுகை இது. அதனால் வேலை பார்க்க விரும்பும் பெண்ணுக்கு நான் சொல்வது இரண்டு கட்டமான வழி. டிபெண்டண்டாக வரட்டும், ஆனால் விமானம் ஏறுவதற்கு முன்பே படிப்புச் சான்றுகளைச் சாக்வா மதிப்பீட்டுக்கு அனுப்பிவிடட்டும். வெளிநாட்டுப் படிப்பை இந்த நாட்டுத் தரத்தோடு ஒப்பிட்டுச் சான்று தரும் அமைப்பு அது. மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகத்திடம் சரிபார்த்து வாங்குவதற்கு நேரில் போய் நிற்பதுபோல் வேறு வழி இல்லை. நர்ஸ் என்றால் நர்சிங் கவுன்சில், ஆசிரியை என்றால் ஆசிரியர் கவுன்சில், பொறியாளர் என்றால் பொறியியல் கவுன்சில் என்று அவரவர் தொழில் பதிவையும் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

நேரடியாகத் தன் பெயரிலேயே வேலை விசா வாங்கி வருவது மூன்றாவது வழி. வேலை கையில் இருந்தால் இதைப்போல் நல்லது இல்லை. கணவரின் விசா முடிந்தாலும், வேலை போனாலும் மனைவியின் விசா அதன் போக்கில் நிற்கும். 2024 அக்டோபரிலிருந்து வேலை விசாவுக்குப் புள்ளி முறை வந்திருக்கிறது. 100 புள்ளி தேவை. செய்யப்போகும் வேலை கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் பட்டியலில் இருந்தால் அதற்கே 100 கிடைத்துவிடும். இல்லாவிட்டால் படிப்பு, சம்பளம், அனுபவம், வேலை தரும் நிறுவனத்தின் தகுதி என்று சேர்த்துச் சேர்த்து எட்ட வேண்டும். குறை ஒன்றுதான்: ஊரில் இருந்துகொண்டு இங்கே வேலை பிடிப்பது எளிதல்ல. கிடைக்கும்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் இருக்க வேண்டும்.

நீங்கள் ஏற்கெனவே பி.ஆர். வைத்திருந்தாலோ, இந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவரை மணந்திருந்தாலோ கணக்கு மாறுகிறது. இவர்களின் துணைவருக்குக் குடிவரவுச் சட்டத்தின் 11(6) பிரிவில் விசா உண்டு. அதில் வேலை செய்யவும், தொழில் நடத்தவும், படிக்கவும் அனுமதி கேட்டு வாங்கலாம். வேலைக்கான அனுமதி பெரும்பாலும் எந்த நிறுவனத்தில் என்று குறிப்பிட்டே வரும், வேலை மாறினால் நிபந்தனையையும் மாற்ற வேண்டும். 2019 ஜூனில் நந்துட்டு வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, குடிமக்களின், பி.ஆர். உள்ளவர்களின் துணைவரும் குழந்தைகளும் விசிட் விசாவில் வந்திருந்தாலும் உள்நாட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். "என் ஃப்ரெண்டு மாத்தினானே" கதை இங்கிருந்து வந்ததுதான். கல்யாணமாகி 5 ஆண்டு ஆகிவிட்டால் துணைவர் நேரடியாகப் பி.ஆர். கேட்கலாம். அப்படிக் கிடைத்த பி.ஆர். 2 ஆண்டுக்குள் பிரிவு ஏற்பட்டால் ரத்தாகிவிடும், துணைவர் இறந்துபோனால் மட்டும் விலக்கு.

"அப்படியானால் எனக்குப் பி.ஆர். வந்தபிறகு கூட்டிக்கொள்கிறேனே" என்று சிலர் காத்திருக்கத் தீர்மானிக்கிறார்கள். இது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பி.ஆர். விண்ணப்பம் எப்போது முடிவாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை கல்யாண வாழ்க்கை வாட்ஸ்அப்பில் நடக்கும். டிபெண்டண்டாக இப்போதே வந்து, உங்களுக்குப் பி.ஆர். வந்ததும் 11(6)-க்கு மாறலாம். காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை.

எந்த வழியானாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கல்யாணச் சான்றிதழ். இந்த நாட்டில் நம்மவர்களுக்கு இது சாதாரணக் காகிதம் அல்ல. 1913 மார்ச் 14 அன்று கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்தியாவிலிருந்து கணவரிடம் வந்த மரியம் என்ற பெண்ணை உள்ளே விட மறுத்த வழக்கு அது. கிறிஸ்தவ முறையில் நடக்காத, இங்கே பதிவாகாத திருமணங்கள் செல்லாது என்றாகி, ஒரே நாளில் இந்து, முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் எல்லாம் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்று ஆனார்கள். ஒப்பந்தக் கூலிகளாக வந்து தங்கிவிட்ட இந்தியர்கள் மேல் போட்ட 3 பவுன் வரியோடு இந்த அவமானமும் சேர்ந்துதான் தமிழ்ப் பெண்களைப் போராட வைத்துச் சிறைக்கு அனுப்பியது. தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து நோயோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். அவருடைய சமாதி ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபோன்டைன் கல்லறையில் இருக்கிறது. அந்த ஆண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்து நம் திருமணங்களுக்கு அங்கீகாரம் கிடைத்தது. மனைவியை முறையாக அழைத்துவரும் உரிமைக்காக இங்கே உயிரே போயிருக்கிறது. சான்றிதழ் விஷயத்தில் மெத்தனம் வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்யாணத்தை எங்கே நடத்துவது என்பதிலும் மூன்று வழி இருக்கிறது. இருவரும் இந்தியர்கள் என்றால் ஊரில் நடத்தி, ஊரிலேயே பதிவு செய்வதுதான் நேர்வழி. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அது தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். லீவில் வரும் மாப்பிள்ளைக்கு 90 நாள் எங்கே இருக்கிறது? தாலி கட்டிய வாரத்திலேயே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள், மறுவீடு இரண்டு நாள் தள்ளிப் போனால் ஒன்றும் ஆகாது. சான்றிதழ் வந்ததும், அது வெளிநாட்டிலும் செல்லும் என்று காட்டும் அப்போஸ்டில் முத்திரை வாங்க வேண்டும். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால், வெளியுறவு அமைச்சகத்தின் அந்த ஒரு முத்திரை போதும், தூதரகத்தில் தனியாக மேலொப்பம் வாங்க வேண்டியதில்லை.

இதில் நம்மவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை இனிஷியல். கல்யாணச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும். ப்ளஸ் டூ சான்றிதழில் மூன்றாவது மாதிரி. நமக்கு ஒரே ஆள் என்று பார்த்தவுடன் தெரியும், இங்கே மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு மூன்று பேர். பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டை நீட்டி, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாறிவிட்டிருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி உடன் வையுங்கள்.

இந்திய துணைத் தூதரகத்தில், 1969-ஆம் ஆண்டு அயல்நாட்டுத் திருமணச் சட்டப்படி பதிவு செய்துகொள்வது இரண்டாவது. ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். இருவருமே இங்கே வேலையில் இருந்து, லீவு கிடைக்காத ஜோடிகளுக்கு ஏற்றது. மூன்றாவது, இந்த நாட்டு உள்துறையான ஹோம் அஃபேர்ஸில் பதிவுத் திருமணம். உள்ளூர்க் குடிமகனை மணப்பவர்களுக்கு இதுதான் சரி. வெளிநாட்டவர் என்றால், விசாவுக்காகச் செய்யும் பொய்க் கல்யாணமா என்று தனித்தனியாகக் கேள்வி கேட்பார்கள், பதற வேண்டாம். சொத்து விஷயத்தை முன்கூட்டிப் பேசிவிடுங்கள். நோட்டரி முன் ஒப்பந்தம் எழுதாமல் இங்கே கல்யாணம் செய்தால், வழக்கமான நிலை இருவர் சொத்தும் கடனும் பொதுவாகிவிடுவதுதான். கோயிலில் செய்கிறவர்கள், குருக்கள் அரசு நியமித்த திருமண அதிகாரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய சமயச் சடங்குகளின்படி திருமணம் நடத்துபவரையும் அப்படி நியமிக்க இடம் தருகிறது. நியமனம் இல்லாதவர் நடத்தினால் சடங்கு நடந்திருக்கும், சட்டப்படியான பதிவு இருக்காது.

துணைத் தூதரகத்திடம் எதற்குப் போவது, எதற்குப் போகக்கூடாது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. பிரிட்டோரியாவில் இந்தியத் தூதரகமும், ஜோகன்னஸ்பர்க், டர்பன், கேப்டவுன் நகரங்களில் துணைத் தூதரகங்களும் உள்ளன. குடியிருக்கும் மாகாணத்தைப் பொறுத்து உங்கள் அலுவலகம் எது என்று அமையும். பாஸ்போர்ட் புதுப்பித்தல், துணைவர் பெயர் சேர்த்தல், இந்தியப் போலீஸ் சான்று, பவர் பத்திரத்தில் மேலொப்பம், குழந்தைப் பிறப்புப் பதிவு எல்லாம் அவர்கள் வேலை. ஹோம் அஃபேர்ஸில் கிடக்கும் உங்கள் மனைவியின் விசாவை அவர்களால் தள்ளிவிட முடியாது. அதற்காக அங்கே போய் அரைநாள் உட்காராதீர்கள். ஆனால் கைது, விபத்து, சம்பளம் தராமல் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் முதலாளி, வீட்டுக்குள் அடிதடி என்றால் தயங்காமல் அங்கே போங்கள். கைதானவர் கேட்டால் தூதரகத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்பது 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை. 2009-இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, கதியற்று நிற்பவருக்குத் தங்குமிடம், சட்ட உதவி, ஊர் திரும்ப டிக்கெட் வரை தரமுடியும். பதில் வராவிட்டால் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகார் பதியலாம். டிபெண்டண்டாக வரும் பெண்கள் இதைத் தெரிந்துகொண்டு வரவேண்டும், கணவர்களே சொல்லிக்கொடுக்க வேண்டும். இலங்கைத் தமிழர்களுக்கு அவர்கள் தூதரகம் பிரிட்டோரியாவில் இருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ அக்காவோ கிரீன் கார்டுக்கு மனுப் போட்டிருந்தால், அவர்கள் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று. தென்னாப்பிரிக்காவில் குடியிருப்பதால் இந்தியர்களின் நீண்ட வரிசையிலிருந்து தப்பலாமா? முடியாது. அந்த வரிசை பிறந்த நாட்டை வைத்து, குடியிருக்கும் நாட்டை வைத்து அல்ல. உடன்பிறந்தோர் பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்கள் 15 ஆண்டுக்கும் மேல் காத்திருக்கிறார்கள். துணைவர் வேறு நாட்டில் பிறந்தவராக இருந்தால், அவர் பிறந்த நாட்டின் வரிசையில் சேர்ந்துகொள்ள வழி உண்டு.

பெற்றோரை அழைப்பதில் தேர்வு செய்ய அதிகம் இல்லை. வேலை விசாவில் இருப்பவருக்கு அம்மா அப்பாவை விசிட் விசாவில் அழைப்பது ஒன்றுதான் வழி. பி.ஆர். அல்லது குடியுரிமை இருந்தால் உறவினர் விசா கேட்கலாம். ஆளுக்கு மாதம் 8,500 ராண்ட் செலவழிக்க உங்களால் முடியும் என்று காட்ட வேண்டும்.

விசா புதுப்பிக்கும் தேதியை இருவரும் குறித்து வையுங்கள். முடிவதற்கு 60 நாளுக்கு முன்பே விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். இங்கே வாங்க வேண்டிய போலீஸ் சான்று தாமதமாகலாம், அதனால் நான்கு மாதம் முன்பே ஆரம்பிப்பது நல்லது.

குழந்தை இங்கே பிறந்தால் இன்னொரு கணக்கு தொடங்குகிறது. பெற்றோர் இருவரும் தற்காலிக விசாவில் இருந்தால் குழந்தைக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடையாது. 30 நாளுக்குள் ஹோம் அஃபேர்ஸில் பிறப்பைப் பதிந்தால் சான்றிதழ் தருவார்கள், அதில் உள்ளூர் அடையாள எண் இருக்காது. அந்தச் சான்றிதழோடு துணைத் தூதரகத்தில் இந்தியக் குடிமகனாகப் பதிவு செய்து, பாஸ்போர்ட் வாங்கி, பிறகு குழந்தைக்கென்று தனி விசா கேட்க வேண்டும். முதல் மாதத்துத் தூக்கமின்மையில் இதெல்லாம் தள்ளிப்போவது எனக்குத் தெரியும். தாத்தா பாட்டியிடம் குழந்தையைக் காட்ட டிக்கெட் போடும்போதுதான் பலருக்கு நினைவு வருகிறது. துணைத் தூதரகப் பதிவை முதல் பிறந்த நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஒரு வயது தாண்டிவிட்டால் மத்திய உள்துறையின் அனுமதிக்கு டெல்லிக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும்.